மானியம் பெற்றோர் பட்டியல்: ஐரோப்பா கண்ட வழக்கு

புயல் அடித்த ஓர் ஆண்டில் எங்கள் பங்கில் நிவாரணம் வழங்கினோம். அரிசி, பாய், போர்வை, கையில் ஒரு சிறு தொகை. யாருக்கு என்ன கொடுத்தோம் என்பது ஒளிவுமறைவின்றி இருக்கட்டும் என்று எண்ணி, பெற்றவர் பெயரையும் அளவையும் எழுதி ஆலயக் கதவில் ஒட்டச் செய்தேன். அன்றிரவு செபமாலை முடிந்து எல்லாரும் போன பின்பு ஒரு கைம்பெண் வந்து நின்றார். பேரன் கையைப் பிடித்திருந்தான். "சாமி, குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன். ஆனா எம் பேரக் கதவுலேர்ந்து எடுத்துடுங்க. எம் மவளக் கட்டிக்குடுத்த வீட்டுக்காரங்க ஞாயித்துக்கெழம இங்கதான் பூசைக்கு வர்றாங்க" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. கறுப்பு மையால் அந்த ஒரு வரியை அடித்தேன். மறுநாள் காலையில், அடிக்கப்பட்ட வரி யாருடையது என்பதே ஊரின் பேச்சாகிவிட்டது.

சில ஆண்டுகள் கழித்து, உழவர் மானியம் குறித்து லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் வழங்கிய தீர்ப்பு ஒன்றைப் படிக்க நேர்ந்தது. அந்தத் தாய் கேட்டதையே ஜெர்மானிய உழவர் ஒருவரும் கேட்டிருந்தார். அந்த வழக்கு எப்படிப் பிறந்தது என்று பின்னோக்கிச் சென்றபோது ஐம்பதாண்டு வரலாறு ஒன்று விரிந்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஐரோப்பாவின் வேளாண் மானியம் பேராசையில் பிறந்ததன்று, பசியில் பிறந்தது. 1944-ஆம் ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்தின் இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர் அதற்குப் பழிவாங்க, மேற்கு மாநிலங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். அந்தக் குளிர்காலத்தில் மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் துலிப் மலரின் கிழங்கையும் அவித்துத் தின்றனர். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டனர். கடலை வற்றச்செய்து மீட்கப்பட்ட வீரிங்கர்மேர் என்னும் நிலப்பரப்பில் அப்போது சிக்கோ மான்சோல்ட் என்னும் உழவர் பயிர் செய்துவந்தார். 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதன் கரையை உடைத்து நிலம் முழுவதையும் மூழ்கடித்தது. சில வாரங்களில் போர் முடிந்தது. முப்பத்தாறு வயதான மான்சோல்ட் தம் நாட்டின் வேளாண்மை, உணவு அமைச்சரானார். 1958-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் முதல் வேளாண் ஆணையராகவும் அவரே பொறுப்பேற்றார். பசியைக் கண்ணால் கண்டவர் தீட்டிய திட்டம் அது என்பதை மறந்துவிட்டு அதன் பிற்காலக் குற்றங்களை மட்டும் பேசுவது நீதியாகாது.

1957-இல் கையெழுத்தான உரோமை உடன்படிக்கையின் 39-ஆம் பிரிவு இந்தக் கொள்கையின் நோக்கங்களை வகுத்துரைத்தது. விளைச்சல் பெருகவேண்டும், உழுகுடிகளுக்கு நியாயமான வாழ்க்கைத் தரம் வேண்டும், சந்தை நிலைபெறவேண்டும், உணவு தட்டின்றிக் கிடைக்கவேண்டும், வாங்குவோர்க்கு விலை தாங்கத்தக்கதாய் இருக்கவேண்டும். இவற்றைச் செயலுக்குக் கொண்டுவரும் பேச்சு 1961 டிசம்பர் 31-க்குள் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. அமைச்சர்கள் கடிகாரத்தை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொண்டு, சனவரி 14 வரை பேசி முடித்தார்கள். நாள்காட்டியையே நிறுத்திவைக்கும் வல்லமை அரசியலாருக்கு மட்டுமே உண்டு போலும்.

அப்போது வகுத்த முறையைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். பின்னால் எழுந்த கேள்வி முழுவதும் இதில்தான் வேர் கொண்டிருக்கிறது. கோதுமைக்கும் பாலுக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ஆண்டுதோறும் அமைச்சர்கள் கூடி விலை வகுத்தனர். சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அரசு அமைப்புகள் வாங்கிக் கிடங்கில் அடுக்கின. வெளியிலிருந்து மலிவாக வந்த தானியத்திற்குத் தீர்வை விதித்தனர். மிஞ்சிய சரக்கை உலகச் சந்தையில் குறைந்த விலைக்கு விற்கும் ஏற்றுமதியாளருக்கு இரண்டு விலைகளுக்கும் உள்ள இடைவெளியைப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்தனர். ஆக, உழவருக்குச் சேர்ந்த உதவி அவர் விற்ற பொருளின் விலைக்குள்ளேயே கலந்திருந்தது. பாலில் கலந்த நீரைப் பிரித்தெடுக்க முடியாததுபோல அதனையும் பிரித்துக் காட்ட இயலவில்லை. பத்து மூட்டை விற்றவருக்குப் பத்துப் பங்கு. பதினாயிரம் மூட்டை விற்றவருக்குப் பதினாயிரம் பங்கு. எந்த உழவர் எவ்வளவு பெற்றார் என்று யாராவது கேட்டிருந்தாலும் எடுத்துக்காட்ட ஏடு இல்லை. மறைக்கவேண்டிய தேவையே எழவில்லை.

விளைச்சல் பெருகியது, பெருகிக்கொண்டே போனது. 1970-களிலும் 80-களிலும் வெண்ணெய் மலைகள் என்றும் திராட்சை இரச ஏரிகள் என்றும் செய்தித்தாள்கள் எள்ளி நகைத்த கையிருப்புகள் குவிந்தன. சமூகத்தின் வரவுசெலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வேளாண்மை விழுங்கிற்று. 1984-இல் பாலுக்கு உச்ச அளவு விதித்தும் சுமை முழுதாகக் குறையவில்லை.

மாற்றம் 1992-இல் வந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த ஆணையர் ரே மக்ஷாரி விலைத் தாங்கலைக் குறைத்து, அந்த இழப்பை ஈடுசெய்ய ஏக்கர்க் கணக்கிலும் கால்நடை எண்ணிக்கையிலும் உழவருக்கே நேராகப் பணம் கொடுக்கும் முறையைக் கொணர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அவருடைய அலுவலகம் வெளியிட்ட அறிக்கையே, ஆதரவுத் தொகையில் நூற்றுக்கு 80 பங்கு, பண்ணைகளில் நூற்றுக்கு 20-க்கே போய்ச் சேருகிறது என்று ஒப்புக்கொண்டிருந்தது. பெரும் பண்ணைகளுக்குச் செல்வதைக் கட்டுப்படுத்த அவர் முயன்றார். பெருநிலங்கள் நிறைந்த பிரிட்டன் முதலிய நாடுகள் எதிர்த்தன. அந்த முயற்சி பெரும்பாலும் கரைந்துபோயிற்று. ஆனால் யாரும் திட்டமிடாத விளைவு ஒன்று நேர்ந்தது. நேராகப் பணம் கொடுக்கவேண்டுமானால் பெயர் வேண்டும், நிலத்தின் அளவு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் அரசு அலுவலகத்தில் பேரேடு ஒன்று உருவாயிற்று. முதன்முறையாக, "யார் பெற்றார்?" என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டு, பூட்டி வைக்கப்பட்டது.

2003-இல் ஃபிரான்ஸ் ஃபிஷ்லர் ஆணையராய் இருந்தபோது மானியத்தை விளைச்சலிலிருந்து பிரித்தார்கள். இனி எதை விளைவித்தாலும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தொகை வரும். எவ்வளவு வரும்? பல நாடுகளில் 2000 முதல் 2002 வரை எவ்வளவு பெற்றார்களோ அதனை அடிப்படையாகக் கொண்டார்கள். முன்பு மிகுதியாகப் பெற்றவர் பின்பும் மிகுதியாகப் பெற்றார்.

பூட்டை முதலில் தட்டியவர்கள் செய்தியாளர்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பருத்தி மானியம் பெற்றோர் பெயர்களை நாளிதழ் ஒன்றிற்குக் கொடுக்கவேண்டும் என்று 1996-இல் நீதிமன்றம் கூறியது. 2001-இல் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று அந்நாட்டின் பட்டியல்களைத் தொகுத்து எல்லாரும் காண வைத்தது. புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் ஒருவரும் ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பெருஞ்செல்வரும் உழவர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஐரோப்பாவில் டென்மார்க் 2004-இல் வழிவிட்டது. நில்ஸ் முல்வாட் என்னும் டேனிஷ் செய்தியாளரும் ஜாக் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயரும் பிறரும் சேர்ந்து 2005-இல் நாட்டுக்கு நாடு விண்ணப்பம் போட்டுப் பட்டியல்களைத் திரட்டத் தொடங்கினர். பிரிட்டனின் தகவலறியும் சட்டம் 2005 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மார்ச்சில் பட்டியல் வெளியாயிற்று.

அதில் யார் இருந்தார்கள்? அரசியாரின் சாண்ட்ரிங்காம் பண்ணை இருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் இருந்தார். பட்டியலின் உச்சியில் நின்றது டேட் அண்டு லைல் என்னும் சர்க்கரை நிறுவனம். ஏற்றுமதித் தொகையே அதன் பெரும்பகுதி. டென்மார்க்கில் அமைச்சர்கள் சிலரின் பெயர்கள் வெளிவந்தன. நெதர்லாந்தில் வேளாண் அமைச்சரே மானியம் பெறும் பண்ணைகளின் உரிமையாளர் என்பது தெரியவந்தது. பிற்காலப் பட்டியல்களில் ஆஸ்திரியாவின் வயலும் காடும் உடைய துறவு மடங்களின் பெயர்களும் காணப்படுகின்றன. இதனை இத்திங்களிதழில் எழுதாமல் விட்டால் நானும் ஒரு வரியை அடித்தவனாவேன்.

இவர்களில் எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். நிலம் இருந்தது, விண்ணப்பித்தார்கள், பெற்றார்கள். அதுதான் மக்களைத் திடுக்கிடச் செய்தது. சிறு உழவரைக் காக்க என்று நாற்பதாண்டுகள் சொல்லி வந்த திட்டம், சட்டப்படி நடந்தபோதே யாரைக் காத்தது என்பதைத் தாள் காட்டிவிட்டது.

எஸ்தோனியரான ஆணையர் சீம் காலஸ் 2005-இல் வெளிப்படைத்தன்மைக்கான முயற்சியைத் தொடங்கினார். அப்போது வேளாண் ஆணையராய் இருந்த மரியான் ஃபிஷர் போயல், தம் கணவரின் பண்ணையும் மானியம் பெற்ற நிலையிலும், வெளியிடுவதை ஆதரித்தார். மானியம் பெறும் ஒவ்வொருவரின் பெயர், ஊர், தொகை ஆகியவற்றை 2009 ஏப்ரல் 30-க்குள் எல்லா நாடுகளும் வெளியிடவேண்டும் என்று சட்டம் ஆயிற்று. ஜெர்மனி காலம் தாழ்த்தியது. பவேரியா மாநிலம் மறுத்தே பார்த்துப் பின்னர் பணிந்தது. தங்கள் சிறு உழவர்களை ஊரார் பொறாமைக்கு ஆளாக்கவேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இந்தக் காரணத்தைச் சாக்கு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. கதவின்முன் நின்ற தாயை நான் கண்டிருக்கிறேன். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சிறு உழவரின் வெட்கத்தைப் பற்றி உரத்துப் பேசியவர்கள் பெரும்பாலும் பெரும் உழவர் சங்கங்களின் தலைவர்களும் அவர்களுக்கு வேண்டிய அரசியலாருமே. ஏழையின் போர்வை சிறியதுதான். அதற்குள் எத்தனை பெரியவர்கள் புகுந்து படுத்துக்கொள்ள முடிகிறது என்பது வியப்பே.

ஹெஸ்ஸே மாநிலத்தைச் சேர்ந்த முழுநேர உழவர் ஒருவரும், கூட்டாக நடத்தப்பட்ட வேளாண் நிறுவனம் ஒன்றும் வீஸ்பாடன் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 30 முதல் 70 வரை மானியமே என்பதால், அதை வெளியிடுவது தங்கள் வாழ்வையே ஊருக்குத் திறந்து காட்டுவதாகும் என்று வாதிட்டனர். வழக்கு லக்சம்பர்க்கிற்குச் சென்றது. 2010 நவம்பர் 9 அன்று தீர்ப்பு வந்தது. வரி செலுத்துவோர்க்குத் தம் பணம் எங்கே போகிறது என்று அறியும் உரிமை உண்டு என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் வெளிப்படைத்தன்மை என்று சொன்ன அளவிலேயே தனிமனிதரின் அந்தரங்கம் தோற்றுவிடாது என்றார்கள். எவ்வளவு தொகை, எத்தனை காலம், எவ்வகை உதவி என்று எந்த வேறுபாடும் பாராமல், எல்லாரையும் ஒரே பட்டியலில் நிறுத்தியதும், இதைவிட மென்மையான வழி உண்டா என்று சட்டம் செய்தோர் எண்ணிப் பாராததுமே குற்றம் எனக் கண்டார்கள். தனிமனிதர் பெயர்களை வெளியிடும் விதி செல்லாததாயிற்று. நிறுவனங்களுக்கு அது நிலைத்தது.

தீர்ப்பின் நெஞ்சம் நேர்மையானது என்றே கருதுகிறேன். அதன் விளைவுதான் கோணலாயிற்று. நாடுகள் பட்டியல்களை அவசரமாக இறக்கின. மறைந்தவர் சிறியவர் மட்டுமல்லர். பல்லாயிரம் ஏக்கரைத் தம் சொந்தப் பெயரில் வைத்திருந்தவரும் தனிமனிதரே ஆதலால் அவர் பெயரும் மறைந்தது. பத்துப் பேர் கூடிப் பதிவுசெய்த சிறு கூட்டுறவுச் சங்கமோ நிறுவனம் என்ற பெயரால் வெளியே நின்றது. நீதிமன்றம் அளவைப் பார்க்கச் சொன்னது. நடைமுறை வடிவத்தைப் பார்த்தது.

சட்டம் செய்வோர் இதனைத் திருத்த மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். 2013-இல் வந்த புதிய விதி அளவைக் கணக்கில் எடுத்தது. சிறு உழவர் திட்டத்திற்குரிய எல்லைக்குள் பெறுவோரின் பெயர் வெளிவராது. அந்த எல்லை 1250 யூரோவைத் தாண்டலாகாது. பெயருக்குப் பதில் குறியீட்டு எண் ஒன்று இருக்கும். சிற்றூரில் பெறுவோர் மிகச் சிலராய் இருந்து, எண்ணைக் கொண்டே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் எனில், ஊர்ப்பெயருக்கும் மாற்றாக அதைவிடப் பெரிய வட்டாரத்தின் பெயரை இடவேண்டும். அடிக்கப்பட்ட வரி யாருடையது என்று ஊர் ஆராயும் என்பதை பிரசல்ஸ் அலுவலர்கள் என்னைவிட நன்றாய் அறிந்திருந்தார்கள். அந்த அளவுக்கு மேற்பட்டோர் தனிமனிதராயினும் நிறுவனமாயினும் பெயரோடு நிற்பார்கள். 2015-ஆம் ஆண்டு மே மாத இறுதிக்குள் பட்டியல்கள் மீண்டும் வெளிவந்தன. ஆனால் அவை இரண்டாண்டுகளே இருக்கும், பிறகு நீக்கப்படும். பழைய தாள்களைச் சேர்த்து வைப்போர் இன்றும் தன்னார்வலர்களே.

பெயர் வெளிவந்தால் உண்மை வெளிவந்துவிடுமா? சுலோவாக்கியாவில் யான் குட்சியாக் என்னும் இளம் செய்தியாளர் செய்த வேலை இதைத்தான் சோதித்தது. நாட்டின் கிழக்குப் பகுதியில் மானியம் பெற்ற நிறுவனங்களின் பெயர்களையும், நிறுவனப் பதிவேட்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பெயர்களுக்குப் பின்னால் இத்தாலியின் கலாபிரியாவைச் சேர்ந்த ட்ரங்கெட்டா என்னும் குற்றக் கூட்டத்தோடு தொடர்புடையவர்களும், அவர்களுக்கும் அரசியலாருக்கும் இடையே இழைகளும் இருப்பதாக எழுதிக்கொண்டிருந்தார். 2018 பெப்ருவரி 21 அன்று அவரும் அவர் மணக்கவிருந்த மார்டினா குஷ்னீரோவாவும் தங்கள் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டனர். இருவருக்கும் வயது இருபத்தேழு. முற்றுப்பெறாத அக்கட்டுரை அவர் இறந்த பின் அச்சேறியது. தலைமையமைச்சர் ராபர்ட் ஃபீட்சோ மார்ச்சில் பதவி விலகினார். நேர்மையின் பொருட்டு இதையும் சொல்லவேண்டும்: கொலைக்குக் காரணம் என்று வழக்கில் அரசுத் தரப்பு காட்டியது, ஒரு வணிகரைப் பற்றி அவர் எழுதிய வேறு செய்திகளை. மானியக் கட்டுரையே அவரைக் கொன்றது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் பட்டியலைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அந்நாடு இழந்தது. 2020-இல் அந்நாட்டு மானிய அலுவலகத்திலேயே கையூட்டு வழக்கில் கைதுகள் நடந்தன.

ஒரே முதலாளியின் நிலம் பல நிறுவனப் பெயர்களில் சிதறிக் கிடக்கும்போது பட்டியலில் ஒவ்வொன்றும் நடுத்தரப் பண்ணைபோலத் தோன்றும். 2021-இல் இயற்றிய விதி, மானியம் பெறும் நிறுவனம் எந்தக் குழுமத்தைச் சேர்ந்தது, அதன் தாய் நிறுவனம் எது என்பதையும் தெரிவிக்கச் சொல்கிறது. 2025-இல் கிரேக்க நாட்டில் எழுந்த புயலோ வேறு வகை: தமக்கில்லாத மேய்ச்சல் நிலத்தையும், இல்லாத ஆடுகளையும் காட்டி மானியம் பெற்றதாக ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் குற்றம்சாட்ட, சூன் மாதத்தில் அமைச்சர் ஒருவர் உள்படப் பலர் விலகினர். 2021 முதல் 2027 வரைக்கு இக்கொள்கைக்கென ஒதுக்கியது ஏறத்தாழ 387 நூறுகோடி யூரோ. ஒன்றியத்தின் வரவுசெலவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

புயலாண்டுக் கதையில் ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தக் கைம்பெண்ணின் வரியை நான் அடித்துக்கொண்டிருந்தபோது, பேரன் தாளை மேலிருந்து கீழாக எழுத்துக்கூட்டிப் படித்தான். ஆறாம் வகுப்புப் பையன். அரிசியும் பாயும் பெற்ற நூற்றுச்சொச்சம் பெயர்களையும் படித்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "சாமி பங்களா ஓடு மாத்துனது இதுல இல்லியே?" என்று கேட்டான். பாட்டி அவன் வாயைப் பொத்தினார். பங்களா ஓடு மாற்றிய செலவும், அரிசி ஏற்றிவந்த லாரியின் வாடகையும் அதே நிவாரணப் பணத்திலிருந்துதான் போயிருந்தன. லாரி, பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவருடையது. அவை இரண்டும் கணக்குப் புத்தகத்தில் முறையாக எழுதப்பட்டு, என் மேசையின் இழுப்பறையில் இருந்தன. மறுநாள் காலைப் பூசைக்கு முன் கதவிலிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். முதல் வரியில் ஓட்டுச் செலவு. இரண்டாம் வரியில் லாரி, அதன் சொந்தக்காரர் பெயரோடு. அரிசி பெற்றோரின் எண்ணிக்கை மட்டும் கடைசியில். பேரவை உறுப்பினர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.